பின்விளக்கு

வண்டி வந்து இறங்கியபோது வேலாயுதம் தறியை நிறுத்தவில்லை.

தெருவில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் பதினோரு தறிகள். மினி லாரி பின்பக்கமாக வந்து நின்றதும் ஒவ்வொரு சத்தமாக அடங்கி, ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. லாரியின் பலகையைச் சாய்த்து இரண்டு பேர் ஒரு புது மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டி இறக்கினார்கள். கறுப்பு நிறம். சீட்டின் மேல் பாலித்தீன் பிரிக்கப்படவில்லை. கண்ணாடிகள் இன்னும் மாட்டப்படாமல் தனியே காகிதப் பையில் இருந்தன.

ஓடிக்கொண்டிருந்த ஒரே தறியின் சத்தத்தைக் கேட்டு அது யாருடையது என்று தெருவில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். மற்ற தறிகள் சமமாகத் தட்டும். வேலாயுதத்தின் தறியில் ஒரு தட்டு அழுத்தமாக விழும். அடுத்தது கொஞ்சம் யோசித்துவிட்டு விழும். அவருடைய வலது கணுக்காலில் இரும்புத் தகடும் நான்கு ஆணிகளும் இருக்கின்றன.

"மேடம், இங்க ஒரு கையெழுத்து. ஓனர் நீங்கதானே?" என்றான் ஷோரூமிலிருந்து வந்தவன்.

"பேருக்குத்தான் நான். வாங்கனது எங்க ஊட்டுக்காரரு," என்றாள் காவேரி.

"சார் எங்க? ஒரு போட்டோ எடுத்துக்கலாம். மாலையெல்லாம் எடுத்துக்கினு வந்திருக்கோம்."

"தெற்கு சூடான்ல இருக்காரு."

"துபாய் பக்கமா?"

"ஆப்பிரிக்கா. மிலிட்டரில இருக்காரு. ஐ.நா. சபை கேட்டு நம்ம ஆளுங்கள அனுப்பியிருக்காங்க. அங்க ஆஸ்பத்திரி டூட்டி."

"அங்க இருந்துக்கினே புக் பண்ணாரா? ஓட்டிப் பாக்காமயேவா?"

"ஓட்டிப் பாக்கறதுக்கு அவருக்கு ஓட்டத் தெரியணுமே," என்றாள் காவேரி.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. உள்ளே தறி இன்னும் பலமாகத் தட்டியது.

காவேரியின் கணவன் சிவபாலனுக்கு இருபத்தொன்பது வயது. பதினான்கு வயதிலிருந்து இருபது வரை அப்பா வேலாயுதத்தின் தறிக்குப் பக்கத்துத் தறியில் நெய்தவன். பிறகு ராணுவத்தில் நர்சிங் உதவியாளனாகச் சேர்ந்தான். இந்த வருடம் வெள்ளை வர்ணம் அடித்த கொட்டகைகளும் செம்மண் சேறும் நிறைந்த ஒரு முகாமில் டூட்டி. வேலை முடிந்து கட்டிலில் படுத்துக்கொண்டு ஏழு மாதம் போனில் வண்டிகளைப் பார்த்தான். எந்த வண்டிக்குச் சீட்டின் உயரம் எவ்வளவு, எதன் எடை குறைவு, எது சேற்றில் வழுக்காது என்று எல்லாம் மனப்பாடம். கடைசியில் ஊரில் பால்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண நாலு கியர் வண்டியைத்தான் தேர்ந்தெடுத்தான். கையெழுத்துப் போட ஆள் ஊரில் இல்லாததால் மனைவி பேரில் பதிவு.

தினமும் சாயங்காலம் பேசுவான். நமக்கும் அங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே விளக்கு வைக்கும்போது அங்கே வெயில் எரியும்.

"க்ளட்ச்சுனா இன்னான்னு தெரியுமா காவேரி? உள்ள ரெண்டு தட்டு ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கினு சுத்துது. நாம கையால புடிச்சா வெலகிடும். மெதுவா வுட்டா மெதுவா ஒட்டும். படக்குன்னு வுட்டா வண்டி குதிக்கும்."

"யாரு சொன்னா?"

"வீடியோல பாத்தேன். பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து தெனம் பிராக்டீஸ் பண்றேன். இங்க ஒரு பஞ்சாபி பையன் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டான். சேர் ஓட்டறவன்னு கூப்புடறானுங்க."

"சேரு கீழ வுழாது," என்றாள் காவேரி.

அவன் சொன்னான்: "வந்த ஞாயித்துக்கெழமயே அப்பாவ பின்னாடி உக்கார வெச்சுக்கினு தென்னேரி வரைக்கும் போய்ட்டு வரணும். அன்னிக்கு பாதில நின்னுபோச்சு இல்ல. அத முடிக்கணும்."

அவன் வர இருபது நாள் இருந்தது. காவேரிக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

*

அந்தப் பாதியில் நின்ற பயணம் ஒன்பது வருடத்துக்கு முந்தியது. காவேரி இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பு. ஆனால் இதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பிறந்து, அங்கேயே தறியில் நெய்து வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும்.

தென்னேரியில் உறவுக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ராஜகோபாலின் பழைய வண்டியை சிவபாலன் கேட்டு வாங்கினான். அதற்கு முன் ஒரே ஒரு மத்தியானம் மைதானத்தில் ஓட்டிப் பார்த்திருந்தான். அப்பா பின்னால் உட்கார்ந்தார். ஏரிக்கரையில் சாலை வளையும் இடத்தில் மணல் படிந்திருக்கும். அங்கே மூன்றாவது கியர் போட்டான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சுழலும் சக்கரம் தரையைப் பிடிக்கும். நின்றுபோன சக்கரம் தரையில் வழுக்கும். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய் வலப்பக்கமாக விழுந்தது. சைலன்சருக்கு அடியில் வேலாயுதத்தின் கால்.

விழுந்ததை வேலாயுதம் அன்றைக்கே மன்னித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டபின் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரோடு காலியா இருந்துச்சு. ஆடு இல்ல, மாடு இல்ல. எதுக்குடா பிரேக்க மிதிச்ச?"

"நான் மிதிக்கலப்பா."

"பின்னாடி உக்காந்துக்கினு நான் பாத்தேன்டா. உன் வலது காலு அமுத்துச்சு."

"மிதிக்கலப்பா. சத்தியமா மிதிக்கல."

"சத்தியம் வேற பண்றியா?"

அவ்வளவுதான். ஆறு மாதம் வேலாயுதம் தறியில் உட்காரவில்லை. எட்டாவது மாதம் சிவபாலன் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றான். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. "அவன் சாப்ட்டானான்னு கேளு" என்பார் இவர். "அவருக்கு கால் வலி எப்பிடி இருக்குதாம்" என்பான் அவன். நடுவில் முதலில் அம்மா காமாட்சியம்மாள். பிறகு காவேரி.

வண்டி வந்த மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வேலாயுதம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கால் ஒடஞ்சது பெரிசில்ல காவேரி. மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னான். அத நெனச்சாதான் ஆறமாட்டேங்குது. பொய் சொல்றவன் திரும்பவும் வுழுவான். ஏன்னா, இன்னா தப்பு பண்ணோம்னே அவனுக்கு தெரியாது."

"சோறு எறங்கறதுக்குள்ள எதுக்கு இந்தப் பேச்சு," என்றாள் காமாட்சியம்மாள். கீரைக் கடைசலை இன்னொரு கரண்டி வைத்தாள். "ஒன்பது வருசமா இதே பாட்டு. பாடறவருக்கும் சலிக்கல, கேக்கற எனக்குத்தான் காது ஓட்டையா போச்சு."

மாமனார் சொன்ன கடைசி வார்த்தை காவேரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என்ன தப்பு என்று தெரியாதவன் திரும்பவும் விழுவான். அது கோபத்தில் சொன்னதாக இருக்கலாம், ஆனால் சரியான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரை, மணல்.

அவளுக்குத் தோன்றிய வழி இதுதான்: அவன் வருவதற்குள் வீட்டில் இன்னொருவருக்கு ஓட்டத் தெரிந்துவிட்டால், சாவியை அவன் கையில் கொடுக்காமல் இருக்கலாம்.

*

அதற்கு நேரம் கொடுத்தது மழை.

பட்டுத் தறிக்கும் மழைக்கும் ஆகாது. நெய்பவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, தொடை ஆழமுள்ள குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கவேண்டும். அடைமழை பிடித்தால் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்து குழிக்குள் ஊறும். வெளியே எவ்வளவு தார்ப்பாய் கட்டினாலும் பயனில்லை. தண்ணீர் கீழிருந்து வருகிறது. சொம்பால் மொண்டு ஊற்றுவார்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி கணுக்கால் அளவு நிற்கும். குழியின் ஈரம் மேலே பாவில் ஏறும். நீளவாக்கில் விறைப்பாகக் கட்டியிருக்கும் அந்த ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அறும். பாவுக்குப் பக்கத்தில் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு எரியவைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் பிடித்த மழை எட்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

"அத்த, நான் வாலாஜாபாத் போய்ட்டு வரேன்," என்றாள் காவேரி.

"மழையில இன்னா வேல?"

காவேரி மாமனார் பின்கட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். காமாட்சியம்மாள் கையிலிருந்த நூல் கட்டை கீழே வைத்தாள்.

"ஒருத்தன் ஓட்டி ஒரு கால் போச்சு. இப்ப நீ கெளம்பிட்டியா?"

"அவரு ஓட்டாம இருக்கணும்னா நான் ஓட்டணும் அத்த."

காமாட்சியம்மாள் நூல் கட்டை மறுபடி எடுத்தாள். "புடவையில போவாத. சக்கரத்துல மாட்டிக்கும். சுடிதார் போட்டுக்கினு போ. அவருகிட்ட, கோயிலுக்கு போயிருக்கான்னு சொல்லிக்கறேன். எந்தக் கோயில்னு கேக்காம இருக்கணும் அந்த மனுசன்."

வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலை உண்டு. நெல் காயவைக்க அரை ஏக்கருக்குச் சிமெண்டுக் களம் போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் நெல் காயாது; களம் சும்மா கிடக்கும். அதை எஸ்தர் பேசி வாங்கி, பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். எஸ்தருக்கு நாற்பது வயதுக்கு மேல். அவள் அப்பா அதே ஆலையில் மூட்டை தூக்கியவர். அதற்கு முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் கூலிக்கு நெல் அறுத்தது. இப்போது ஆலைக்காரரின் மருமகளே எஸ்தரிடம்தான் கற்றுக்கொள்கிறாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்காக ஒரு பழைய கியர் வண்டியும் வைத்திருக்கிறாள்.

"ஸ்கூட்டியா, கியரா?"

"கியருதான்க்கா. நாலு கியரும் முன்னாடி மிதிக்கற வண்டி."

"போலீசுக்கா போற?"

"ஊட்டுக்கு."

எஸ்தர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

முதல் நாள் சமநிலை. சைக்கிள் தெரிந்ததால் அது சுலபமாக வந்தது. இரண்டாம் நாள் முதல் கியரில் களத்தைச் சுற்றி வந்தாள். ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு உறுப்புகளுக்கும் தனித்தனி வேலை: இடது கை க்ளட்ச், வலது கை முறுக்குவதும் முன்பிரேக்கும், இடது கால் கியர், வலது கால் பின்பிரேக். சாலை காலியாக இருந்தால் வலது காலுக்கு வேலையே கிடையாது. அது சும்மா இருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் கியர் மாற்றச் சொன்னாள் எஸ்தர். காவேரி க்ளட்ச் பிடித்து இடது காலால் மிதித்தாள். வண்டி முன்பக்கம் குனிந்து எழுந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடி குனிந்தது. விசில் சத்தம் கேட்டது.

"ஏம்மா, கியர் போடறப்பல்லாம் எதுக்கு பிரேக்க மிதிக்கிற?"

"மிதிக்கலயேக்கா."

"மிதிக்கலயா? பின்னாடி வெளக்கு செவப்பா எரியுதும்மா. இங்க நிக்கற எனக்கு கண்ணு கூசுது."

"இல்லக்கா, சத்தியமா மிதிக்கல..."

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்த வார்த்தைகள் அவளுடையவை அல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவன் சொன்னதாக மாமனார் வாயிலிருந்து நூறு தடவை கேட்டவை.

"இன்னா காவேரி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, நான் இன்னொரு தபா போறேன். நீங்க என் காலயே பாத்துக்கினு பின்னாடி வாங்க."

இந்த முறை காலை அதன் போக்கில் விட்டு, கியர் மிதிக்கும்போது அவளும் குனிந்து பார்த்தாள். இடது கால் இறங்கியது. இறங்கி எழுந்த அதே நொடியில், யாரும் சொல்லாமல், வலது கால் இறங்கியது.

தறியில் இரண்டு மிதிகள். இடதை மிதித்தால் பாவின் பாதி இழைகள் மேலே போய் வழிவிடும். குறுக்கு நூலான ஊடையை இழுத்துக்கொண்டு நாடா அதற்குள் ஓடும். பலகையால் ஒரு தட்டு. அடுத்து வலது, மற்றப் பாதி மேலே போகும், நாடா திரும்பும், ஒரு தட்டு. இடதையே இரண்டு தடவை மிதித்துவிட்டால் இரண்டு ஊடையும் ஒரே வழியில் விழுந்து புடவையில் கோடு தெரியும். ஆகையால் இடதுக்குப் பின் வலது என்பதை மனம் நினைத்துச் செய்வதில்லை. ஒரு புடவைக்குப் பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் கால் அதைச் செய்கிறது. வருடக்கணக்கில் நெய்தவருடைய காலுக்கு, இடது மிதித்துவிட்டு வலது மிதிக்காமல் இருப்பது மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விடாமல் இருப்பதைப் போல.

களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எஸ்தரிடம் முழுக்கதையையும் சொன்னாள். எஸ்தர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"அப்ப உங்க தெருவுல யாருமே வண்டி ஓட்டலயா?"

அதுதான் காவேரிக்கும் புரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும், அதே தெருவில் நெய்கிற ராஜகோபாலிடம் அவர் வண்டி பழகிய நாட்களைப் பற்றிக் கேட்டாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மொத பத்து நாளு ஆட்டுக்கெடா மாதிரி தல ஆட்டிச்சும்மா வண்டி. கார்புரேட்டர் கம்ப்ளைன்ட்னு மெக்கானிக்கிட்ட ரெண்டு தபா வுட்டேன். அப்பால தானா சரியா போச்சு. எதுக்கு கேக்குற?"

பத்து நாள் தெருவுக்குள் மெதுவாக ஓட்டியவருக்குக் கால் தானாகப் பிரித்துக்கொண்டது. சிவபாலனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மத்தியானம்.

*

அன்று சாயங்காலம் போன் வந்ததும் காவேரி மூச்சுவிடாமல் சொன்னாள். சொன்ன விதம்தான் தப்பு.

"நீங்க மிதிச்சிருக்கீங்க. மாமா சொன்னது நெசந்தான். நீங்க பிரேக்க..."

"யாரு சொல்லிக்குடுத்தா உனுக்கு?" சிவபாலனின் குரல் சட்டென்று தணிந்தது.

"யாரும் இல்லங்க. நானே..."

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"முழுசா கேளுங்க..."

"காவேரி. ஒன்பது வருசமா எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியும். நான் மிதிக்கல. ஒலகத்துல ஒரு ஆளாவது அத நம்புதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப நீயும் அந்தப் பக்கம் போய்ட்ட."

போன் நின்றது. அடுத்த நாள் அவன் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் காமாட்சியம்மாளுக்கு மட்டும் எழுதியிருந்தான்: வெள்ளிக்கிழமை இறங்குகிறேன், சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறேன், வண்டியில் பெட்ரோல் போட்டு வைக்கச் சொல்.

அன்று புதன்கிழமை. மத்தியானத்திலிருந்து மழை நிற்கவே இல்லை. தெருத் தண்ணீர் சைலன்சர் வரை வந்துவிட்டதால் மாமியாரும் மருமகளும் வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து முன்கூடத்தில், தறிக்குப் பக்கத்தில், நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். ஐந்தரை மணிக்குக் கரண்ட் போயிற்று. பாவுக்கருகே எரிந்துகொண்டிருந்த பல்பும் போயிற்று.

வேலாயுதம் குழியிலிருந்து சொம்பால் தண்ணீர் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தபோது வண்டியின் முன்சக்கரம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"இத எதுக்கு உள்ள கொண்டாந்தீங்க?"

"வெளிய தண்ணி மாமா."

"மொதல்ல இருந்த எடத்துலயே இருந்திருக்கலாம். கடைல."

காவேரி அவருக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை தன் கதையிலிருந்து தொடங்கினாள். களம், விசில், சிவப்பாக எரிந்த விளக்கு, தான் செய்த சத்தியம். வேலாயுதம் மொள்வதை நிறுத்தாமல் கேட்டார்.

"கோயிலுக்குத்தான் போனியா நீ?" என்றார் முடிவில்.

"இல்ல மாமா."

"பொய் சொல்ல உனுக்கும் கத்துக்குடுத்துட்டானா?"

"மாமா..."

"காலு அதுவா மிதிக்குமா? காலு இன்னா நாய்க்குட்டியா, சொல்லாம ஓடறதுக்கு? முப்பத்தெட்டு வருசமா நான் மிதிக்கறேன். எனக்குத் தெரியாம என் காலு ஒன்னும் பண்ணாது."

காவேரி எழுந்து நின்றாள். "அப்ப நீங்க உக்காருங்க."

"எதுல?"

"வண்டில. சாவி மட்டும் போடறேன், இஞ்சின் ஓடாது. நீங்க கியர் மட்டும் போடுங்க. பின்னாடி வெளக்கு எரியலன்னா, அவரு வந்து எறங்கறதுக்குள்ள நான் இத வித்துடறேன். எம் பேர்லதான் இருக்குது. எங்கையெழுத்து போதும்."

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த காமாட்சியம்மாளின் கை நின்றது. "ஏய், இன்னாடி பேசற? ஏழு மாசமா பாத்துப் பாத்து வாங்கியிருக்கான் புள்ள."

"வித்துடறேன் மாமா," என்றாள் காவேரி மறுபடியும். ஒருவேளை எரியாவிட்டால் என்ன சொல்லி அவன் முகத்தைப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலாயுதம் சொம்பை வைத்தார். ஈரக் காலைத் துண்டால் துடைத்தார். வலது காலை இழுத்து இழுத்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. காவேரி சாவியைத் திருப்பினாள். முன்னால் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. பின்பக்கம் வெள்ளைச் சுவர். சுவரடியில் காமாட்சியம்மாளும் அவளுடைய ராட்டையும்.

"இடது கையில அத புடிங்க மாமா. புடிச்சுக்கினு இடது காலால மிதிங்க. ஒன்னு."

மிதித்தார். சுவர் இருட்டாகவே இருந்தது.

"ரெண்டு."

இருட்டு.

"மூணு."

அவர் தன் வலது காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது பிரேக்கின் மேல் இருந்தது, அசையவில்லை.

"நாலு."

ஒன்றுமில்லை. மழை ஓட்டின் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்துக்கினியா?" என்றார் வேலாயுதம். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. "எங்காலு நான் சொன்னாத்தான் கேக்கும். அவன் காலும் அப்பிடித்தான்."

காவேரி விடவில்லை. "இன்னொரு தபா மாமா. மொதல்லருந்து. ஒரே ஒரு தபா."

"எத்தினி தபா போட்டாலும் இதான்." இருந்தும் மிதித்தார். "ஒன்னு. போதுமா?"

"ஏங்க," என்றாள் பின்னாலிருந்து காமாட்சியம்மாள், "தண்ணி மொள்றத நிறுத்திட்டு அங்க போய் உக்காந்துட்டீங்களே. குழில சலசலன்னு சத்தம் கேக்குது. பாவு அடி நனையப்போவுது."

வேலாயுதம் காலிலிருந்து பார்வையை எடுத்துச் சட்டென்று தறிப்பக்கம் திரும்பினார். "எவ்ளோ நிக்குது? மிதிக்கட்டைக்கு மேல வந்துடுச்சா? முந்தானை ஆரம்பிக்கற எடம், ஈரம் ஏறிச்சின்னா மொத்தமும் போச்சு."

"ரெண்டு," என்றாள் காவேரி மெதுவாக. மிதித்தார்.

"பல்பு வேற போய்டுச்சு. கரி அடுப்பு பத்தவெச்சு தள்ளி வைக்கலாமா?"

"மூணு."

"ஒரு சாண் தள்ளி வெக்கணும். ஜரிகை கறுத்துடும்..."

"நாலு."

"எரியுதே!" என்றாள் காமாட்சியம்மாள்.

சுவர் சிவந்திருந்தது. ராட்டையும், அதில் பாதி சுற்றியிருந்த வெள்ளைப் பட்டும், அவள் முகமும் சிவந்திருந்தன. அணைந்தது. வேலாயுதம் அறியாமல் இன்னொரு தடவை இடது காலை மிதித்தார். மறுபடி எரிந்தது.

"நான் மிதிக்கலயே," என்றார் வேலாயுதம்.

அவர் குனிந்து பார்த்தார். இவ்வளவுதான் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்த அந்தக் கால், ஆணி வைத்த அந்தக் கால், விரல்களை ஊன்றி பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது.

கால் அங்கேயே இருக்க, முன்னால் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

"போன போடு."

"எடுக்க மாட்டாரு மாமா. ரெண்டு நாளா..."

"போடு."

மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தான். எடுத்த வேகத்தில் கோபம் தெரிந்தது. "காவேரி, திரும்பவும் அதே பேச்சுன்னா..."

"அவ இல்ல. நான்."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"சிவபாலா. நீ பிரேக்க மிதிச்ச."

"அப்பா..."

"சொல்றத கேளு. நீ மிதிச்ச. ஆனா பொய் சொல்லல. நானும் இப்ப மிதிச்சேன். எனக்கும் தெரியல."

வேலாயுதம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன்பா."

"தறிக் காலுடா அது. நான் பழக்கன காலு. ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்குலாம் போவக்கூடாது. வாலாஜாபாத்துல மில்லு களம் ஒன்னு இருக்குதாம். காவேரி சொல்றா. அங்க போலாம். நீ ஓட்டு. நான் பின்னாடி நின்னு வெளக்க பாக்கறேன். எரிஞ்சா சொல்றேன்."

"உங்களால அவ்ளோ நேரம் எப்பிடிப்பா..."

"நடக்கத்தான்டா கஷ்டம். நிப்பேன். வெள்ளிக்கெழம எத்தினி மணிக்கு எறங்குற?"

அவன் சொன்னான். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, காலையில் இட்லி வேண்டுமா என்று கேட்டார். மழையில் துணி காயாது, அழுக்குத் துணியை அங்கேயே துவைத்து எடுத்துக்கொண்டு வா என்றார். குழியில் தண்ணீர் நிற்கிறது, மொள்ள வேண்டும், வைக்கிறேன் என்றார். போனைக் காவேரியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி இறங்கினார்.

கூடம் இருட்டாயிற்று. அவர் கால் பிரேக்கை விடவே இல்லை; பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைக் காமாட்சியம்மாள் மட்டும்தான் கவனித்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.